பதினோராம் வளைவுக்கு மேலே

ஜூலை 8, செவ்வாய்

பதினோராம் வளைவில் மலை சரிந்து பாதையை மூடிவிட்டது. விடியற்காலையில் நடந்திருக்கிறது. பால் வண்டி வராததால்தான் ஊருக்கே தெரிந்தது. பொள்ளாச்சியிலிருந்து சோலைமட்டத்துக்கு ஏறிவர அந்த ஒரு பாதைதான். கேரளப் பக்கமாகக் காட்டுப் பாதை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அதை யாரும் பாதை என்று சொல்வதில்லை.

நாளை மறுநாள் மருந்து வண்டி வர வேண்டும். வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற வண்டி. அதனால் ஸ்டோரில் எல்லாமே அடிமட்டத்தில் கிடக்கிறது. வண்டி வருவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் நான் கணக்கு வைத்து வாங்குவேன். இந்த அரசு மருத்துவமனைக்கு மருந்தாளுநராக வந்த நாளிலிருந்து ஒரு மாத்திரைகூடத் தேதி தாண்டிக் குப்பைக்குப் போனதில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் இதைத் தனியாகப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கூட இருந்தவர் மாற்றலாகிப் போன பிறகு இதையெல்லாம் ஒற்றை ஆளாகவே பார்க்கிறேன்.

கரூரிலிருந்து மகள் சுபா பேசினாள். ஐந்தாம் மாதம் நடக்கிறது, வாந்தி நின்றுவிட்டதாம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். இந்தக் குவார்ட்டர்ஸில் அவளை வைத்துக்கொண்டு நான் எப்படி டியூட்டிக்குப் போவது? கரூரிலேயே மாமியார் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான்தான் சொன்னேன். "சரிம்மா" என்றாள். எதற்கும் சரிம்மாதான்.

ஜூலை 9, புதன்

துணி காயவில்லை. செருப்புக்குள் அட்டைப்பூச்சி. கதவடியில் உப்பு போட்டு வைத்தேன்.

டாக்டர் ஹபீபா ஸ்டோருக்கு வந்தார். வயது சுபாவைவிட மூன்று நான்கு கூட இருக்கும். அலமாரிகளைப் பார்த்தார். "எது எவ்வளவு இருக்குக்கா?" என்று கேட்டார்.

"காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உள்ளது எல்லாம் தாராளமா இருக்கு டாக்டர். வலிப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை, இன்சுலின், இதெல்லாம் கம்மி."

"ஒரு நாள்கூட நிறுத்த முடியாததுதான் கம்மியா இருக்கு."

"வண்டி வர்ற சமயம் டாக்டர். அதிகமா வாங்கினா தேதி போயிடும்."

"காலாவதி ஆகாம இருக்கறதுக்கும் கையில இல்லாமப் போறதுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடணும்ல அக்கா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஆனைக்குன்று எஸ்டேட்டிலிருந்து மரியபுஷ்பம் வந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண். முப்பது வயது இருக்காது. சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசியில் வாழ்கிறவள். மாத்திரையால் சமாளிக்கிற சர்க்கரை நோய் அல்ல அவளுடையது. ஒரு குப்பி மட்டும் கொடுத்தேன்.

"எப்பவும் ரெண்டு தருவியளேம்மா?"

"ரோடு இல்லை புஷ்பம். இதை வச்சு ஓட்டு. வண்டி வந்ததும் தரேன்."

"வண்டி வரலன்னா?"

"வரும்."

"சோறில்லாம ரெண்டு நா கெடந்துருக்கேன். இது இல்லாமக் கெடந்ததில்ல, கேட்டியளா" என்றாள். பயமுறுத்துவதற்காகச் சொன்ன மாதிரி இல்லை. தகவல் சொல்வது போலத்தான் இருந்தது. குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

ஜூலை 13, ஞாயிறு

ரசம் வைத்தேன். வாய் கசக்கிறது.

ஜூலை 16, புதன்

இரண்டு நாளாக எழுதவில்லை. காய்ச்சல். இன்று பரவாயில்லை.

ஸ்டோர் பூட்டை உடைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பிற்பகலில் நடந்திருக்கிறது. நான் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தெய்வானை சிஸ்டர் குவார்ட்டர்ஸுக்கு ஓடிவந்து தட்டினாளாம். எனக்குக் காது கேட்கவில்லை. டாக்டரே அம்மிக்குழவியை எடுத்துப் பூட்டில் போட்டிருக்கிறார். அரசாங்கச் சொத்து. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டியிருக்கலாம். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டிருக்கலாம்.

நல்ல பித்தளைப் பூட்டு அது. நாக்கு வளைந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

மரியபுஷ்பம் வார்டில் படுத்திருக்கிறாள். திங்கட்கிழமை அவளைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வாந்தி, மூச்சிரைப்பு, சர்க்கரை மீட்டரில் எண்ணே காட்டாத அளவுக்கு ஏறியிருந்தது. வார்டில் இருந்த கடைசிக் குப்பி காலையிலேயே வேறொருவருக்குத் தீர்ந்துபோய்விட்டது. மிச்சம் ஸ்டோர் பிரிட்ஜில். ஸ்டோர் சாவி என் தலையணைக்கு அடியில்.

அவளிடம் கேட்டேன், "ஒரு குப்பி கொடுத்தேனே, அதுக்குள்ள எப்படி இப்படி ஆச்சு?"

"பக்கத்து லைன் வீட்டுப் பெரியவருக்குத் தீந்துபோச்சும்மா. அவருக்குப் பாதி, எனக்குப் பாதின்னு கொறச்சுப் போட்டுக்கிட்டோம். ஒரு வாரம்தானேன்னு பாத்தேன்."

"கொறைச்சுப் போடக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா. அவரு முகத்தப் பாத்துக்கிட்டு எப்படிப் போடாம இருக்க?"

பக்கத்துப் படுக்கையில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்த தெய்வானை என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னாள்: "இன்னுங் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா கஷ்டமுங்க மேடம்."

ஸ்டோருக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். வேலை ஒன்றும் ஓடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

புதுப் பூட்டு வாங்கினேன். இரண்டு சாவி. ஒன்றைத் தெய்வானையிடம் கொடுத்தேன். "எனக்கெதுக்குங்க" என்றாள். வைத்துக்கொள் என்றேன்.

பிறகு குரியன் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். இத்தனை வருஷத்தில் அந்தக் கடைப் படியை நான் மிதித்ததில்லை. ஆஸ்பத்திரியில் இல்லாததை அதிக விலைக்கு விற்கிறவர் என்று நானாக ஒரு முடிவு செய்து வைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"மேடமா? வாங்க, இருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். பிரிட்ஜைத் திறந்தே காட்டிவிட்டார். அவரிடமும் கொஞ்சம்தான். "சாலக்குடியில என்டெ அளியன், மச்சினன்தான், மருந்து மொத்தக் கடை வச்சிருக்கான். சொன்னா அந்தப் பக்கமாக் கொண்டுவருவான். செக்போஸ்ட்ல மட்டும் யாராவது பேசணும்."

"அந்தக் காட்டுப் பாதை திறந்திருக்கா?"

"மரம் விழுந்து கெடக்கு. வெட்டினா வழி. வெட்டலேன்னா காடு."

ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. "மருந்தில்லேன்னு இவங்க எல்லாரும் மலையெறங்கிப் போயிட்டா நான் யாருக்கு மேடம் விக்கறது?" என்று சிரித்தார்.

டாக்டர் ஹபீபா வனத்துறை ரேஞ்சரிடம் பேசினார். ஆளனுப்பி மரம் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

ஜீப் வந்துவிட்டது. தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் பாதி கரைந்திருந்தது. குப்பிகள் குளிர்ச்சியாகவே இருந்தன. குரியனின் மச்சினர் வழியெல்லாம் யானைச் சாணியைப் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். இட்லி கொடுத்தோம். வலிப்பு மாத்திரையும் கொண்டுவந்திருந்தார், நான் சொல்ல மறந்ததை. குரியன் சொல்லியிருக்கிறார்.

மரியபுஷ்பம் வீட்டுக்குப் போனாள். இரண்டு குப்பி கொடுத்தேன். பெரியவருக்குத் தனியாக.

ஜூலை 26, சனி

ஒற்றை வழியாகப் பாதை திறந்தாயிற்று. மருந்து வண்டி மாலையில் வந்தது. இறக்கி அடுக்குவதற்குள் முதுகு போய்விட்டது. தெய்வானை கூட நின்றாள். முதல் முறையாக ஒருத்தருக்குச் சொல்லிக்கொண்டே அடுக்கினேன். சொல்லிக்கொண்டு செய்வது தாமதம்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டர் அறையில் கூட்டம். டாக்டர், நான், தெய்வானை, குரியன், ஆனைக்குன்று எஸ்டேட் டிஸ்பென்சரியின் கம்பவுண்டர் பெஞ்சமின். மரியபுஷ்பத்தையும் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பேசி முடிவானது இது. நிறுத்தவே கூடாத மருந்துகளைத் தனியாகப் பிரிப்பது. அவற்றைப் பாதிக்கு வந்ததுமே மறுபடி கேட்டு வாங்குவது, தீரும்வரை காத்திருப்பதில்லை. மழைக்கு முன்னால் கூடுதலாக வாங்குவது. எல்லாவற்றையும் என் ஸ்டோரிலேயே வைக்காமல் ஒரு பங்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆனைக்குன்று டிஸ்பென்சரியில் வைப்பது. குரியன் தன் கடையிலும் எப்போதும் கையிருப்பு வைத்துக்கொள்வார். தேதி நெருங்கினால் சாலக்குடிக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு புதிதாகத் தருவார். யாரிடம் எது குறைந்தாலும் மற்றவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். அதற்கு ஒரு வாட்ஸாப் குரூப்.

"தேதி போனா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன்.

"நான் சொல்றேன்" என்றார் டாக்டர். "கொஞ்சம் வீணாகட்டும் அக்கா. ஒரு உயிருக்கு அது பெருசில்ல."

வீணாகட்டும் என்ற வார்த்தையை ஸ்டோர் சம்பந்தமாக நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்தும் அது காதிலேயே இருந்தது. யோசித்தேன். டிஸ்பென்சரியில் நோயாளி குறைவு. அங்கே தேதி நெருங்குவதை இங்கே கொண்டுவந்து செலவழித்துவிட்டு, இங்கிருந்து புதியதை அங்கே அனுப்பினால் எதுவும் வீணாகாது. காலையில் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொன்னேன். "இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா" என்றார். முகம் மலர்ந்திருந்தது. மருந்துக் கிடங்கிலும் மேலதிகாரியிடமும் அனுமதி கேட்டு எழுதுகிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று சுபாவுக்கு வளைகாப்பு. போகவில்லை. நேற்றுதான் அனுமதி வந்தது, இன்றே ஆனைக்குன்றுக்கு மருந்து மாற்ற வேண்டியிருந்தது. பெஞ்சமினுக்குப் பிரிட்ஜ் சூட்டளவு பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

போட்டோ அனுப்பியிருக்கிறாள். பச்சைப் புடவை. கை நிறைய வளையல். முதல் வளையலைப் பெரிய மாமியார் போட்டுவிட்டாராம்.

செப்டம்பர் 15, திங்கள்

சுபாவுக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். தூங்குகிறாள் என்றார். காலை பத்து மணிக்கு.

அக்டோபர் 10, வெள்ளி

ஒரு மாதமாகத் தெய்வானைக்கு ஸ்டோர் வேலை பழக்குகிறேன். வார்டு வேலை முடித்துவிட்டு வருகிறாள். கேள்வி கேட்கிறாள். "இதை ஏனுங்க இங்க வச்சிருக்கீங்க?" என்பாள். எப்போதும் அங்கேதான் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று டாக்டர் ஹபீபா கேட்டார், "பொண்ணுக்கு எப்போக்கா தேதி?"

"நவம்பர் ரெண்டாவது வாரம்."

"லீவு எழுதிட்டீங்களா?"

"மழை சமயம் டாக்டர்."

அவர் லீவு விண்ணப்பத் தாளை எடுத்து என் முன்னால் வைத்துப் பேனாவையும் திறந்து வைத்தார்.

நவம்பர் 3, திங்கள்

கரூர். தெய்வானையிடம் என்னுடைய சாவியையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வந்தேன். "ரெண்டும் எங்கிட்டயே இருந்தா எப்படிங்க மேடம்? ஒண்ணு டாக்டர்கிட்ட குடுத்துடறேன்" என்றாள். சரிதான்.

சுபாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. நான் வந்ததைப் பார்த்து, "எத்தனை நாளைக்கும்மா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

நவம்பர் 5, புதன்

அவளுக்குத் தலைவாரிவிட்டேன். கடைசியாக எப்போது வாரிவிட்டேன் என்று நினைவில்லை. பள்ளிக்கூட நாட்களிலும் அவள் அப்பாதான் பின்னிவிடுவார். அவர் போன பிறகு அவளே பின்னிக்கொண்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

மலையில் பேய்மழை. டிவியில் காட்டுகிறார்கள். கூலாற்றுப் பாலம் போய்விட்டதாம். ஆஸ்பத்திரிக்கும் ஆனைக்குன்றுக்கும் நடுவில் இருக்கிற பாலம் அது. பொள்ளாச்சிப் பாதையிலும் மண் சரிந்திருக்கிறது. டாக்டர் போன், தெய்வானை போன், குரியன் போன், எல்லாமே தொடர்பு எல்லைக்கு வெளியே. குரூப்பில் கடைசிச் செய்தி முந்தாநாள் பெஞ்சமின் போட்டது: 'ஸ்டாக் உள்ளது.'

எவ்வளவு உள்ளது? அதை எழுத வேண்டாமா?

சாப்பிட முடியவில்லை. மரியபுஷ்பம் மூச்சிரைத்துக் கிடந்த கோலத்தை நான் பார்க்கவே இல்லை. ஆனாலும் கண் முன்னால் அதுதான் வருகிறது.

நவம்பர் 10, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையிலும் யாருக்கும் போன் போகவில்லை. பெட்டியை எடுத்துத் துணியை வைத்தேன். பொள்ளாச்சி வரை போய்விட்டால் அங்கிருந்து ஏதாவது வண்டி கிடைக்கும், இல்லாவிட்டால் சாலக்குடிப் பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்று கணக்கு. சுபா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள்ல வந்துடுவேன். உன் டாக்டர் இன்னும் நாள் இருக்குன்னுதானே சொன்னார்" என்றேன்.

"சரிம்மா."

அழுதிருந்தால்கூட நின்றிருப்பேனா தெரியாது. அவள் அழவில்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பிப் பெட்டியின் பக்கத்தில் வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு வருகிற நேரத்தில் போன் அடித்தது. குரியன்.

"மேடம், கேக்குதா? டவர் இல்ல, கரண்டு இல்ல. வ்யூ பாயிண்ட் பாறை மேல ஏறி நின்னு பேசறேன்."

"புஷ்பத்துக்கு மருந்து இருக்கா?" என்று கத்தினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவளுக்கா? அவதான் லைன் லைனாப் போயி யாருக்கு என்ன வேணும்னு கேட்டு பெஞ்சமின்கிட்ட சொல்றா. அந்தப் பக்கம் இன்சுலின் தாராளமா இருக்கு. கரண்டு இல்லேன்னாலும் இந்தக் குளிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு."

"வலிப்பு மாத்திரை?"

"அதுதான் அங்க கொறஞ்சது, ஆத்தங்கரையில நின்னு கத்திச் சொன்னாங்க. தெய்வானை சிஸ்டர் இங்க ஸ்டோர்லேருந்து எடுத்தாங்க, நானும் கொஞ்சம் குடுத்தேன்."

"பாலம் இல்லையே, எப்படி அனுப்பினீங்க?"

அவர் சிரிக்கிற சத்தம் காற்றோடு வந்தது. "கொழுந்து மூட்டை அனுப்பற ரோப் இருக்குல்ல மேடம், ஆத்துக்கு மேல? அந்தத் தொட்டில்ல வச்சு இழுத்தாச்சு. சிஸ்டரோட ஐடியா. பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, கொழுந்துச் சாக்குல கட்டி. அந்தப் பக்கம் வாங்கினது புஷ்பம்."

அந்த ரோப்பை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"நான் பஸ்ல இருக்கேன். எப்படியாவது வந்துடறேன்" என்றேன்.

"வந்து எந்தா செய்யப் போறீங்க?" என்றார். "வழியில மாட்டிக்கிட்டா உங்களத் தேடி வேற நாங்க ஆளனுப்பணும். இங்க ஆளு இருக்கு மேடம். உங்க மோளு கூட இருங்க."

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். "எங்கம்மா போகணும்?"

எங்கும் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். என்னவோ மாதிரி இருந்தது. நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். அது மட்டும்தானா என்றால், இல்லை. நான் இல்லாமல் ஒரு நாள் ஓடாது என்று நினைத்துக்கொண்டிருந்த இடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுவதற்காகத்தான் இத்தனையும் செய்தோம். அப்புறம் எனக்கு ஏன் வருத்தம் என்று தெரியவில்லை. டீ ஆறுவதற்குள் அதுவும் போய்விட்டது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். சுபா ஹாலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாமியார் பதற்றமாக மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். வலி எடுத்துவிட்டது.

"பஸ் போயிடுச்சாம்மா?" என்றாள்.

"இல்லை. நான்தான் இறங்கிட்டேன்."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகுதான் அழ ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி. என் கையைப் பிடித்துக்கொண்டவள் ஆஸ்பத்திரி வாசல் வரை விடவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பெண் குழந்தை. இருவரும் நலம்.

நவம்பர் 19, புதன்

குழந்தை பகலெல்லாம் தூங்குகிறது. சுபாவுக்குப் பத்தியச் சமையல். பூண்டுக் குழம்பு வைத்தேன். "அம்மா, காரமே இல்ல" என்றாள். குறை சொல்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தற்காலிகப் பாலம் போட்டுவிட்டார்களாம். தெய்வானை பேசினாள். வலிப்பு மாத்திரை அந்தப் பக்கம் குறைந்ததற்குக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள்: எஸ்டேட்டில் புதிதாக வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளர்கள் எங்கள் கணக்கில் இல்லை. அவர்களையும் சேர்த்துவிட்டாளாம். "லீவ நீட்டிக்கிட்டாலும் பரவாயில்லீங்க" என்றாள்.

நீட்டித்துக்கொண்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

சோலைமட்டம். மழை விட்டு வெயில் அடிக்கிறது. பதினோராம் வளைவில் புதிதாகத் தடுப்புச் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற வளைவுகளில் இல்லை.

ஸ்டோரைத் திறந்ததும் ஒரு கணம் வேறு இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று இருந்தது. அலமாரிகளை மாற்றியிருக்கிறாள் தெய்வானை. நிறுத்தக் கூடாத மருந்துகள் எல்லாம் வாசலுக்குப் பக்கத்தில், எடுக்க வாகாக. அட்டைப் பெட்டிகளில் பெரிய எழுத்தில் பெயர். யார் வந்தாலும் எடுக்கலாம்.

பத்து மணிக்கு மரியபுஷ்பம் வந்தாள். குழந்தைக்கென்று ஒரு உல்லன் குல்லா கொண்டுவந்திருந்தாள். அவளே பின்னியது, கொஞ்சம் பெரிதாகிவிட்டது. "வளந்துரும்லா" என்றாள். பெரியவருக்கும் சேர்த்து இன்சுலின் வாங்கிக்கொண்டு, வரிசையில் பின்னால் நின்ற ஒருவரைக் காட்டி, "இவருக்கு வலிப்பு மாத்திரைம்மா. பாஷ தெரியாது, அதான் கூட்டியாந்தேன்" என்றாள்.

கை பழக்கத்தில் பழைய அலமாரிப் பக்கம் போனேன். அங்கே இருமல் மருந்து இருந்தது. வாசல் பக்கம் நானே தேடி எடுத்திருக்கலாம்.

வார்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன்: "தெய்வானை, வலிப்பு மாத்திரையை எங்க வச்சிருக்கே?"